மயிலாப்பூரே குடுத்த ஒத்த ஸ்டாரு

அட, பூக்காரி மேல தப்பே இல்லம்மா. காலைல கேட்டாண்ட நின்னு நீயும்தான கேட்ட, "நான் இன்னா படிச்சவளா? உங்க ஆயா அமுக்கச் சொல்லிச்சி, அமுக்கினேன்"ன்னு அவ கத்துனத. அது அத்தனையும் நெஜம். நான்தான் சொன்னேன். ஒண்ணு அமுக்குடின்னு என் வாயாலயே சொன்னேன். அவளுக்கு மட்டுமா? கொளத்தாண்ட பூ விக்கிறவங்க, ரேஷன் கடை லைன்ல நின்னவங்க, அடையாறு மார்க்கெட்ல மீன்காரின்னு முப்பது பேருக்கு மேல இருக்கும். குந்து, சொல்றேன். நீ இந்த பிளாக்குக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது, உனக்கு இன்னா தெரியும். அந்தக் கீரையை இப்டி குடு, ஆய்ஞ்சிக்கினே பேசலாம்.

என் பேத்தியை நீ பாத்திருப்ப. முடியைக் குட்டையா வெட்டிக்கினு, முதுகுல பையை மாட்டிக்கினு போவாளே, அவதான். என் பொண்ணோட பொண்ணு. அவ அம்மா அப்பா நங்கநல்லூர்ல கீறாங்க. காலேஜுக்கு இங்கருந்து கிட்டக்கன்னு எங்கிட்ட வந்தா, படிப்பு முடிஞ்சும் திரும்பிப் போவல. வேலைக்கும் இங்கருந்தேதான் போயிக்கினு இருந்தா. போன வருஷம் ஒரு நாளு, நான் தோசை ஊத்திக்கினு கீறேன், பின்னால வந்து நின்னுக்கினு, "ஆயா, வேலையை விட்டுட்டேன். நானும் என் ஃப்ரெண்டும் ஒரு ஆப்பு பண்ணப் போறோம்"ன்னா. எனக்குக் கரண்டி கை நழுவிப் போச்சி. "யாருக்குடி ஆப்பு வைக்கப் போறீங்க?"ன்னேன். சிரிச்சிச் சிரிச்சி அவளுக்குப் புரையேறிப் போச்சி. அப்பால போனைக் காட்டி சொன்னா. அதுல சின்னச் சின்னதா கட்டம் கட்டமா கீதே, அதுக்குப் பேருதான் ஆப்பாம்.

அவ பண்ணது எனக்காகத்தான், அத வெளிய சொல்ல மாட்டா. ஒரு தபா தி.நகர் போறேன்னு பஸ் ஏறி, பெசன்ட் நகர்ல போயி இறங்கினேன் நானு. சரி வந்ததுதான் வந்தோம்னு பீச்சுல குந்தி சுண்டல் துன்னுட்டுதான் வந்தேன், அது வேற கதை. வூட்ல இவ என்னைக் காணோம்னு அழுதுக்கினு இருந்திருக்கா. அதுலருந்துதான் இந்த யோசனை. இவ ஆப்புல எழுத்தே படிக்க வேணாம். போனை வாயாண்ட வச்சிக்கினு, "நான் மார்க்கெட்டுக்குப் போவணும்"ன்னு சொன்னா போதும். உள்ளருந்து ஒரு பொண்ணு கொரல், எந்த ஸ்டாப்புல நிக்கணும், எத்தினி நிமிஷத்துல பஸ்ஸு வரும், முன்னாடி இன்னா நம்பர் போட்டிருக்கும்னு பொறுமையா சொல்லும். நான் மறுபடி கேட்டாலும் மறுபடி சொல்லும். கண்டக்டரு மாதிரி வள்ளுன்னு வுழாது.

ஆனா இதுக்குப் பணம் போட ஆளு வேணுமே. பெசன்ட் நகர்ல ஒருத்தரு கீறாரு, நம்ம பட முதலாளி மாதிரி. அவரு வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஜனம் இன்னா சொல்லுதுன்னு பாக்கறேன். மாசக் கடைசில வரேன், நாலு ஸ்டாருக்கு கீழ இருந்தா என்னைக் கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு எடுத்துக்கலைன்னா, பெங்களூர்ல ஒரு கம்பெனி இவளைக் கூப்புட்டுக்கினே கீது. பொட்டியைத் தூக்கிக்கினு போயிடுவா. அப்பால இந்த வூட்ல நானும் டிவியும்தான், யாரு யாரைப் பாத்துக்கறது?

அதான் நானும் எறங்கினேன். சினிமான்னா எனக்குத் தெரியாததா? எங்க வூட்டுக்காரரு போஸ்டர் ஒட்டறவரு. மயிலாப்பூரு, மந்தவெளி, அபிராமபுரம், அந்தாண்ட அடையாறு பாலம் வரைக்கும் சுவருங்க அத்தனையும் அவரு கைதான். பசை காய்ச்சறது நானு. மைதா மாவை அண்டாவுல கரைச்சி, கட்டி தட்டாம கிண்டிக்கினே இருக்கணும். கை ஓஞ்சி போவும். எறக்கும்போது துளி மயில்துத்தம் போடணும். எதுக்குன்ற? இல்லாட்டி மாட்டுக்கு மாவு வாசனை புடிச்சிக்கும். வெள்ளிக்கெழம வர்ற படத்தை வியாழக்கெழமையே மேஞ்சிட்டுப் போயிடும். மாட வீதியில ஒரு செவலைப் பசு இருந்திச்சி, அதுக்கு ஹீரோ மூஞ்சின்னா உசுரு. ஹீரோயினை வுட்டுட்டு ஹீரோவை மட்டும் நக்கி எடுத்திடும். எங்க வூட்டுக்காரரு அத்தைப் பாத்தா, "வந்துட்டா ரசிகர் மன்றத் தலைவி"ம்பாரு.

எனக்கு எழுத்துதான் தெரியாது, ஆனா எந்தப் படம் ஓடும் எது ஊத்திக்கும்னு மூணு நாள்ல சொல்லிடுவேன். எப்டின்னு கேளு. வெள்ளி, சனி ஆம்பளைங்க வருவாங்க, விசிலடிப்பாங்க, அது கணக்குல சேராது. ஞாயித்துக்கெழம மேட்னிக்கு லேடீஸ் லைன்ல இடுப்புல கொழந்தைங்கள வச்சிக்கினு கூட்டம் நிக்குதான்னு பாக்கணும். நின்னா அந்தப் படத்துக்கு ஒரு மாசத்துக்கு பசை காய்ச்சலாம். லேடீஸ் வரலையா, புதன்கெழம போஸ்டர் மேல செவப்புத் துண்டு ஒட்டிட வேண்டியதுதான். 'இன்றே கடைசி'ங்கறது செவப்பு. 'வெற்றிகரமான'ங்கறது மஞ்சளு. கலரைப் பாத்துதான் நான் கட்டு பிரிச்சி குடுப்பேன்.

இதையெல்லாம் வச்சிதான் பொண்ணுங்களுக்கு நான் புத்தி சொல்லிக்கினு இருந்தேன். கூட வேலை செய்யறவ ஒருத்தி வருவா, கண்ணாடி போட்டுக்கினு, நல்ல பொண்ணு. ரெண்டும் ஹால்ல குந்திக்கினு ரிலீஸு ரிலீஸுன்னு பேசவும் எனக்கு சந்தோஷம் தாங்கல. "வெள்ளிக்கெழமதான?"ன்னேன்.

"ஐயோ ஆயா, வெள்ளிக்கிழமை மட்டும் கூடவே கூடாது. சனி ஞாயிறு எதாவது புட்டுக்கிச்சுன்னா யாரு பாக்கறது?"ன்னு கண்ணாடிக்காரி பதறுறா.

சனி ஞாயிறுக்காகவேதான்டி எங்காளுங்க வெள்ளிக்கெழம வுடுவாங்க, நீங்க இன்னா அதே சனி ஞாயிறுக்கு பயந்துக்கினு கீறீங்கன்னு கேட்டேன். கேக்கல. செவ்வாக்கெழம வுட்டாங்கம்மா! அதுவும் மூணரை மணிக்கு, சொத்தமா ராவு காலத்துல. நான் லாப்டாப்புக்கு சந்தனம் வச்சி, ஒரு கற்பூரம் சுத்திட்டு, எலுமிச்சம்பழத்தை வாசல்ல நசுக்கிட்டு வந்தேன். வேற இன்னா பண்றது?

ஆனா எடுத்த எடுப்புல ஜோருதான். எங்க மகளிர் குழு வாட்சப்புல போட்டுவிட்டேன், எல்லாம் மொத்தமா உள்ள பூந்துடிச்சிங்க. அடுத்த நாளு காலைல ரெண்டு பொண்ணுங்களும் தலையில கை வச்சிக்கினு கீதுங்க. "கூட்டம் தாங்காம நின்னு போச்சு ஆயா."

"ஹவுஸ்ஃபுல்லா! அதுக்கு ஏன்டி எழவு வுழுந்த மாதிரி குந்திக்கினு கீறீங்க? போர்டை மாட்டுங்கடி!"

என் பேத்தி என்னைப் பாத்த பார்வை கீதே! "ஹவுஸ்ஃபுல்லுன்னா நீங்கல்லாம் அடுத்த ஆட்டத்துக்கு நிப்பீங்க. இங்க எவன் நிப்பான்? ரெண்டு நிமிஷம் பாப்பான், போன்லருந்து அழிச்சிட்டுப் போயிட்டே இருப்பான்"ன்னா.

யோசிச்சிப் பாத்தா அது சரிதான். சினிமாவுக்கு டிக்கெட்டு வாங்கி உள்ள போயிட்டோம்னா, நல்லாருக்கோ இல்லையோ, குடுத்த காசுக்கு கடைசி வரைக்கும் குந்தியிருப்போம். ஆம்பளைங்க எழுந்து போனாலும் நாம போவ மாட்டோம், கொழந்தை தூங்கிக்கினு இருக்கும். இந்த ஆப்புங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. யாரு வேணா உள்ள போலாம், யாரு வேணா வெளிய வரலாம். டிக்கெட்டு இல்லாத கொட்டாயி, உள்ள முறுக்கு விக்கிறவன் மாதிரி விளம்பரம் மட்டும் நிமிஷத்துக்கு ஒருக்கா குறுக்க வந்துக்கினு கீது. பெரிய கம்பெனி ஆப்புங்க இன்னும் மோசம். போனு வாங்கும்போதே உள்ள குந்திக்கினு வருது. நம்ம காலத்துல பெரிய ஹீரோ படம்னா எல்லாக் கொட்டாயையும் வளைச்சிப் போட்டுக்குவாங்களே, சின்னப் படத்துக்கு காலைக் காட்சி மட்டும் குடுப்பாங்களே, அதேதான். ஒண்ணும் மாறல.

சரி, வுட்ட எடத்துக்கு வரேன். நின்னு போனத ரெண்டு பேருமா சரி பண்ணிட்டாங்க. அப்பாலதான் என் பேத்தி வந்து, "ஆயா, உன் தோஸ்துங்களுக்கு எல்லாம் பிடிச்சிருக்குல்ல? ஸ்டார் குடுக்கச் சொல்லேன்"னா. போன்ல காட்டினா. அஞ்சு நட்சத்திரம் வரிசையா கீது. எதை அமுக்கறதுன்னு அவ சொல்லல, நானும் கேக்கல. கேக்கறதுக்கு இன்னா கீது அதுல? பரீட்சைல ஒண்ணாவதா வந்தா ஒசத்தி. ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸு ஒசத்தி. கொட்டாயில ஃபர்ஸ்ட் கிளாஸுன்னா மெத்து சீட்டு, அதுக்குக் கீழ பெஞ்சு, அதுக்கும் கீழ தரை. சரக்கு நல்லாருந்தா இன்னான்னு சொல்றோம்? ஒண்ணாம் நம்பர்ன்றோம். யாராச்சும் அஞ்சாம் நம்பர்ன்றோமா? நீயே சொல்லு.

போனேன். நாலு நாளு அலைஞ்சேன். "மொதல் ஸ்டாரை அமுக்குடி, என் பேத்தி மானத்தைக் காப்பாத்துடி"ன்னு ஒவ்வொருத்தி போனையும் வாங்கி, வெரலைப் புடிச்சி வச்சி அமுக்க வச்சேன். இட்லிக்கடைக்காரி தவறிப் போயி மூணாவதை அமுக்கிட்டா, அவளைத் திட்டி மாத்த வச்சேன். இன்னும் நாலு பேரு மைக்கை அமுக்கி வாழ்த்து வேற சொன்னாங்க. "நல்லா கீதும்மா, உன் கை வலிக்காம இருக்கணும்"னு பூக்காரி சொன்னா. அது அப்டியே எழுத்தா விழுந்திடுச்சி.

அஞ்சாம் நாளு வூட்டுக்குள்ள நொழையறேன், ரெண்டு பொண்ணுங்களும் போனையே முறைச்சிப் பாத்துக்கினு கீதுங்க. நாலரைல இருந்தது ரெண்டுக்கு வந்துடிச்சாம்.

"யாரோ ஆள் செட் பண்ணிப் பண்றாங்கடி. ஒரே வாரத்துல முப்பத்தி நாலு ஒத்த ஸ்டாரு. இது கண்டிப்பா அந்த கேப் புக் பண்ற ஆப்புக்காரன் வேலை, பஸ்ல போனா அவனுக்கு சவாரி போயிடுமே"ன்றா கண்ணாடிக்காரி.

"கீழ பாரேன்"னு என் பேத்தி படிக்கிறா. "'ரொம்ப நல்லா கீது.' ஒரு ஸ்டாரு. 'தங்கமான பொண்ணுங்க.' ஒரு ஸ்டாரு. 'உன் கை வலிக்காம இருக்கணும்.' ஒரு ஸ்டாரு. நக்கல் பண்றாங்க."

முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சிக்கினு, "ஏன்டி, ஒண்ணுன்னா நல்லதுதான?"ன்னேன்.

ரெண்டும் திரும்பிப் பாத்துச்சிங்க. கண்ணாடிக்காரிதான் மொதல்ல சிரிச்சா. சிரிச்சிக்கினே தரையில படுத்துட்டா. என் பேத்தி சிரிக்கல. என்னையே பாத்துக்கினு இருந்தா. அப்பால எழுந்து வந்து எம்பக்கத்துல குந்தி, "எத்தனை பேரு ஆயா?"ன்னு மட்டும் கேட்டா. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்திச்சி எனக்கு. மாசக் கடைசிக்கு பத்து நாளுதான் கீது.

கண்ணாடிக்காரி எழுந்து கண்ணைத் தொடைச்சிக்கினு சொன்னா, ஒருத்தன் கீறானாம், காசு குடுத்தா ரெண்டே நாள்ல எத்தினி வேணாலும் அஞ்சு ஸ்டாரு போடுவானாம். எங்கியோ ஒரு ரூமுக்குள்ள நூறு போனை அடுக்கி வச்சிருப்பானாம். "ஆயா போட்டதை அவன் அமுக்கிடுவான்டி"ன்னா.

எனக்கு அது புதுசில்ல. எங்க காலத்துல ஒரு பட முதலாளி, அவரே ஆளு வுட்டு டிக்கெட்டு அத்தனையும் வாங்கிடுவாரு. வெளிய ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கும், உள்ள மூட்டைப்பூச்சி மட்டும் படம் பாத்துக்கினு இருக்கும். ஐம்பதாவது நாளுன்னு மஞ்சத் துண்டு அடிச்சிக் குடுத்தாரு. எங்க வூட்டுக்காரரு ஒட்டிட்டு வந்து, சோத்துல கைய வச்சிக்கினு, "பசைதான் ஒட்டிச்சி, ஜனம் ஒட்டல"ன்னாரு. அடுத்த படத்துக்கு அந்த முதலாளி கூப்ட்டப்ப இவரு போவல. கூலி நல்ல கூலிதான். ஆனா போவல. அத்தைச் சொன்னேன் பொண்ணுங்ககிட்ட. புத்தி சொல்லணும்னு சொல்லல, ஞாபகம் வந்திச்சி, சொன்னேன்.

என் பேத்தி லாப்டாப்பை மூடி வச்சா. அப்பால, "காசு குடுத்து வேணாம்டி. குடுத்தவங்க கையாலயே மாத்தினா மாத்தட்டும்"னா.

மறுநாளு கெளம்பினேன். இந்தத் தபா அவ ஆப்பைக் கேட்டுக்கினேதான் போனேன், எந்த பஸ்ஸு, எந்த ஸ்டாப்புன்னு. லேடீஸுக்கு இப்பதான் பஸ்ஸு ஃப்ரீயாச்சே, ராணி மாதிரி ஜன்னலோரம் குந்திக்கினு போனேன். வழி நெடுக சுவரைப் பாத்துக்கினே போனேன் தெரியுமா. இப்ப சுவர்ல பெயின்ட்டு அடிச்சி, மயிலு வரைஞ்சி, ஒட்டாதேன்னு எழுதி வச்சிருக்காங்களாம். மந்தவெளியில ஒரு சுவரு, எங்க வூட்டுக்காரருக்கு ரொம்பப் புடிச்ச சுவரு. காலைல மொத வெயிலு அங்கதான் வுழும், புதுப் போஸ்டரு சும்மா தகதகன்னு இருக்கும். ஒட்டி முடிச்சிட்டு எதுத்தாப்புல நின்னு ஒரு டீ குடிச்சிக்கினே பாப்பாரு, என்னவோ அவரே நடிச்ச மாதிரி. நானும் கூடப் போனா, பாதி டீ எனக்கு. இப்ப அங்க ஒரு அழகு நிலையம் வந்துடிச்சி. பஸ்ஸு அந்தாண்ட போற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்.

ஆளுங்க சும்மா வுடுவாங்களா என்னை? "அன்னிக்கு ஒண்ணுன்னு திட்டின, இன்னிக்கு அஞ்சுன்ற. நாளைக்கு பத்துன்னு வருவியா?"ன்னு இட்லிக்கடைக்காரி இடுப்புல கை வச்சிக்கினு கேக்கறா. அவளை மூணுலருந்து ஒண்ணுக்கு எறக்கினவளே நான்தான, பேசாம கேட்டுக்கினேன். மீன்காரி போனையே எடுக்கல. "நான் வாக்கு குடுத்தா குடுத்ததுதான். மாத்தறதா இருந்தா ஒரு கிலோ சங்கரா வாங்கு"ன்னா. வாங்கினேன். ரேஷன் லைன்ல பாத்த ஒரு அம்மா, அது அமுக்கினது மவன் போன்லயாம். மவன் தி.நகர்ல பொடவைக் கடையில வேலை. அந்தக் கூட்டத்துல நீந்தி, மூணாவது மாடி ஏறி, அவன் முன்னாடி போயி குந்திக்கினேன். பாவம், சூப்பர்வைசரு பாப்பாருன்னு பயந்துக்கினு, எனக்கு எட்டு பொடவை பிரிச்சிப் போட்டான். அந்தப் பொடவைக்கு அடியில போனை வச்சிக்கினுதான் அமுக்கினான். "எதும்மா, கடைசியா?"

"சோத்துக்கை பக்கம் கடைசி, ராஜா."

பத்து நாள்ல இருபத்தோரு பேரைப் புடிச்சேன். மீதி பேரு ஊருக்குப் போயிட்டாங்க, போனைத் தொலைச்சிட்டாங்க, ஒருத்தி வூட்டையே மாத்திக்கினு போயிட்டா. மூணே முக்கால்தான் வந்திச்சி. நாலு வரல.

அந்தப் பெசன்ட் நகர்காரரு போன வாரம் வந்தாரு. தோ, நீ குந்தியிருக்கிற நாற்காலியிலதான் குந்தினாரு. நான் காபி வச்சிட்டு கதவோரம் நின்னுக்கினேன். போனைத் தடவிக்கினே, "யாரு இவங்க, ஒரு ஸ்டார் குடுத்துட்டு தங்கமான பொண்ணுங்கன்னு சொல்லியிருக்காங்க?"ன்னாரு. என் பேத்தி ஏதாச்சும் மழுப்புவான்னு பாத்தேன். "எங்க ஆயாவோட ஃப்ரெண்ட்ஸ், சார். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது"ன்னு புட்டுப் புட்டு வச்சிட்டா. கொட்டாயில ஃபர்ஸ்ட் கிளாஸு எங்க இருக்கும்னு அது வரைக்கும் சொன்னா! எனக்கு மண்ணுக்குள்ள போயிடலாமான்னு ஆயிடிச்சி.

அவரு சிரிக்கல. காபியை முழுசா குடிச்சாரு. "படிக்கத் தெரியாதவங்களுக்குத்தானே இதைப் பண்ணீங்க? பஸ் நம்பரை வாயால சொல்லுது, சரி. ஸ்டார் கேக்கற எடத்துல ஏன் ஊமையாயிடுது?"ன்னாரு. அப்பால எழுந்துக்கினு, "முழுசா இப்ப எடுத்துக்க மாட்டேன். மூணு மாசம் நடத்தறதுக்கு வழி பண்றேன். அதுக்குள்ள இவங்க கையில இது ஓடணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

எங்க பாஷையில சொன்னா செகண்ட் ரன்னு. பெரிய கொட்டாயில ஊத்திக்கினு, சின்னக் கொட்டாயில லேடீஸ் கூட்டத்துலயே நூறு நாளு ஓடின படங்கள்லாம் கீது, நானே பசை காய்ச்சியிருக்கேன். பெங்களூர்காரனுக்கு இவ இன்னும் பதில் சொல்லல. வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. மூணு மாசம் கீது, அது போதும் எனக்கு.

அதுக்குத்தான் இன்னிக்கு காலைல இவ பூக்காரியைப் போயி, "அக்கா, அன்னிக்கு ஏன் ஒண்ணு அமுக்குனீங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"ன்னு கேட்டிருக்கா. தெரிஞ்சிக்கணும்னுதான் கேட்டா. பூக்காரி, இவ பழி போடறான்னு நெனச்சிக்கினு கத்திட்டா. சாயங்காலம் நானே போயி சமாதானம் பண்ணி இட்டாரணும்.

ஆனா முக்கியமான சேதி அது இல்ல. இனிமே ஸ்டார் கேக்கறதுக்கு முன்னால ஆப்பு வாயால சொல்லப் போவுது, எது ஒசத்தி எது தாழ்த்தின்னு. அது யாரு கொரல்ல தெரியுமா? என் கொரல்ல! முப்பது வருஷம் சினிமாவுக்குப் பசை காய்ச்சினேன், ஒரு படத்துலயாச்சும் கூட்டத்துல ஒருத்தியா நின்னிருக்கேனா? இப்ப ஊர்ல இருக்கிற போன்லல்லாம் நான் பேசப் போறேன். காலைலருந்து சொல்லிப் பாத்துக்கினே கீறேன், நடுவுல சிரிப்பு வந்துடுது. நீ கேளு, சரியா வருதான்னு சொல்லு. "யம்மா, நான் சொல்றதைக் கேளு. உனக்கு இது புடிச்சிருந்தா சோத்துக்கை பக்கம் கடைசி நட்சத்திரம். புடிக்கலைன்னா, என் மூஞ்சிக்காகல்லாம் பாக்காத, பீச்சாங்கை பக்கம் மொத..."

ஐயோ, லாரி ஆரன்! தண்ணி வந்துடிச்சி. குடத்தை எடு, குடத்தை எடு, முன்னால போயி எனக்கும் சேத்து எடம் போடு, தோ வந்துட்டேன்.